கலர் கம்பெனிக்கு எலுமிச்சம்பழம்

கலர் வியாபாரத்தில் சரக்கு பாதி, பேச்சு பாதி. சரக்கை விழுப்புரத்தில் ஓர் ஓட்டுக் கட்டடத்துக்குள் கன்னியப்பன் கலக்கினார். பேச்சை விக்கிரவாண்டி, திண்டிவனம், செஞ்சி, வல்லம் என்று சைக்கிளிலும் பஸ்ஸிலும் கொண்டுபோய் நான் விற்றேன். ஐம்பதுகளின் கடைசியிலும் அறுபதுகளின் தொடக்கத்திலும் அந்தப் பக்கம் கலர் குடித்தவர்கள் யாராவது இதைப் படித்தால், முதலில் என்னை மன்னித்துவிடுங்கள். என்னைப் போல ஊர் ஊராகப் போய் ஆர்டர் பிடித்துப் பிழைத்தவர்கள் படித்தால், மன்னிக்க வேண்டாம். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து எனக்கும் இடம் கொடுங்கள், போதும்.

கலர் என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு விளங்காது. கோலி அடைத்த பாட்டிலில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வரும் இனிப்புச் சோடாதான் அது. அப்போது விருந்தாளிக்குக் காபி போடுகிற வீடு ஊருக்கு நாலு இருந்தால் அதிகம். மற்ற வீடுகளில் யாராவது கடைக்கு ஓடிப்போய்க் கலர் வாங்கி வருவார்கள். தாங்கள் கேப்பைக் கூழ் குடித்துக்கொண்டு, வந்தவருக்குக் கலர் உடைத்துக் கொடுப்பார்கள். பெண் பார்க்க வந்தால் கலர், காய்ச்சல் விட்டால் கலர், தேர் நிலைக்கு வந்தால் கலர், சண்டை போட்ட பங்காளிகள் ராசியானால் ஆளுக்கொரு கலர். அவ்வளவு மரியாதையான பண்டத்தில் பழம் இருக்கும் என்று ஜனங்கள் நம்பினார்கள். அது அவர்கள் தப்பில்லை. நம்ப வைத்தவன் நான்.

பையில் இரண்டு ஆரஞ்சு

எங்கள் ஆரஞ்சுக் கலரில் சர்க்கரை இருந்தது. சர்க்கரை போதாதபோது சாக்கரின் இருந்தது. சென்னையிலிருந்து டின்னில் வரும் எசென்ஸ் இருந்தது, சாயப்பொடி இருந்தது, கேஸ் இருந்தது. ஆரஞ்சு மட்டும் என் பையில் இருந்தது. இது முதலாளி சொல்லிக் கொடுத்ததல்ல, என் சொந்த மூளை. கடைக்காரரிடம் பேசிக்கொண்டே பைக்குள் ஆர்டர் புத்தகத்தைத் தேடுவதுபோல இரண்டு ஆரஞ்சை எடுத்து வெளியே வைப்பேன். நேற்று வந்த லோடு, மாதிரிக்கு எடுத்துவந்தேன் என்பேன். போட்டிக் கம்பெனிக்காரர் வெறுங்கையோடு வந்து வெறுங்கையோடு போவார். ஆர்டர் எனக்கு விழும்.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கடை வைத்திருந்தவர் பட்டம்மாள். ஐம்பது வயது. கல்லாவை விட்டு எழுந்திருக்காமலே மூன்று பஸ் கிளம்பும் நேரத்தைச் சொல்லக்கூடியவர். அவரிடமும் ஒருநாள் ஆரஞ்சை எடுத்து வைத்தேன். கையில் வாங்கி உருட்டிப் பார்த்தார். மோந்து பார்த்தார். நாலு பேர் கலர் குடித்துக்கொண்டிருந்தார்கள், அவர்களுக்கும் காட்டினார். பிறகு என்னிடமே திருப்பிக் கொடுத்துச் சொன்னார்: "போன மாசம் காட்டினியே தம்பி, அதே பழந்தானே இது? பாவம், வத்திப்போச்சி. மொதல்ல இதுக்கு ஒரு கலர் வாங்கி ஊத்து."

பாண்டிச்சேரி ரயில்

அந்த நாளில் நம் பக்கம் மதுவிலக்கு, பாண்டிச்சேரியில் கிடையாது. இரண்டுக்கும் நடுவே ஒரு ரயில் ஓடியது. அதில் போய்விட்டு விழுப்புரத்தில் இறங்குகிறவர்களில் சிலர் நேரே வீட்டுக்குப் போக மாட்டார்கள், ஸ்டேஷனுக்கு எதிர்க்கடையில் நின்று கலர் குடிப்பார்கள். வாடையை மறைக்கத்தான். இதைப் பார்த்த எனக்கு யோசனை ஓடியது. எங்கள் ஜிஞ்சர் கலரில் அசல் இஞ்சி இருக்கிறது, ஒன்று குடித்தால் வேறு எந்த வாடையும் வாயில் நிற்காது என்று கடைக்காரரிடம் சொல்லி வைத்தேன். அவரும் வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். ஜிஞ்சர் பெட்டி பெட்டியாகப் போனது.

ஒரு சாயங்காலம் நான் கடையில் இருக்கும்போதே ஒரு குமாஸ்தா மூன்று ஜிஞ்சர் அடுக்கடுக்காகக் குடித்துவிட்டுத் திரும்பினார். எதிரே கான்ஸ்டபிள் நின்றார். என்ன குடித்தாய் என்று கேட்டதற்கு, இஞ்சிக் கலர்தான் சார், இதோ கம்பெனிக்காரரே நிற்கிறார் என்று குமாஸ்தா என்னைக் காட்டினார். நானும் அசல் இஞ்சி சார் என்று தலையாட்டினேன். அவரை ஊதச் சொன்னார் கான்ஸ்டபிள். அவர் ஊதினார். கான்ஸ்டபிள் கண்ணை மூடி ரசிப்பதுபோல இழுத்துப் பார்த்தார். குமாஸ்தாவைக் கையைப் பிடித்து அழைத்துப் போகும்போது அவர் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போனார், நான் பாட்டில் எண்ணுகிறவன்போலக் குனிந்துகொண்டேன். கான்ஸ்டபிள் போகிற போக்கில் என்னிடம் சொன்னது இதுதான்: "மத்ததெல்லாம் கும்முனு வருது. இஞ்சி ஒண்ணுதான்யா வரல."

வல்லத்தில் ஒரு கேள்வி

இதுவரை சொன்னதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடியது. இனிமேல் சொல்லப்போவதை நான் வீட்டில்கூடச் சொன்னதில்லை.

வல்லத்துக் கடையில் ஒருநாள் ஏழுமலை என்கிற விவசாயி லெமன் கலர் குடித்துக்கொண்டிருந்தார். முப்பது வயதிருக்கும், என் வயதுதான். மல்லாட்டை என்று அந்தப் பக்கம் சொல்கிற நிலக்கடலை விளையும் இரண்டு காணி நிலம், ஒரு கிணறு, அம்மா, கல்யாணத்துக்கு வளர்ந்துகொண்டிருந்த ராஜாத்தி என்ற தங்கை. இவ்வளவுதான் அவர் குடும்பம். பாட்டிலை வெயிலில் தூக்கிப் பார்த்துவிட்டு, இதுக்குப் பழம் எங்கிருந்துங்கண்ணா வருது என்று கேட்டார். அவ்வளவு மரியாதையாகக் கேட்டால் வாய் சும்மா இருக்குமா? ஆந்திராப் பக்கம் கூடூரிலிருந்து லாரி லாரியாக வருகிறது, அப்படியும் போதவில்லை என்றேன். ஒரு பாட்டிலுக்கு எத்தனை பழம் என்றார். அரைப் பழம் என்றேன். ஆரஞ்சு நம் மண்ணில் வருமா என்றார். ஆரஞ்சு குளிர் தேசத்துப் பயிர், எலுமிச்சை வரும், வேரில் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொண்டால் போதும் என்றேன். ஒரு தொட்டியில் கீரைகூட வளர்த்தறியாதவன் நான்.

போட்டால் உங்கள் கம்பெனி எடுத்துக்கொள்ளுமா என்பது அவருடைய கடைசிக் கேள்வி. கடைக்காரர் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவரிடம் நாலு பெட்டி ஆர்டர் வாங்கியாக வேண்டும். இல்லை என்று சொன்னால் அதுவரை சொன்னதெல்லாம் பொய்யாகிவிடும். உள்ளூர்ப் பழம் என்றால் முதலாளி ஓடி வந்து எடுப்பார், வருஷம் பூராவும் எடுப்பார் என்றேன். நாலு பெட்டி ஆர்டர் ஆறு பெட்டியானது. ஏழுமலை பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "அப்ப மல்லாட்டைய நம்பிக்கினு கெடக்கறதுல அர்த்தமில்லீங்கண்ணா."

குழிகள்

அவர் ஏதோ பேச்சுக்குச் சொன்னார் என்றுதான் நினைத்தேன். மூன்று மாதம் கழித்து வல்லத்துக்குப் போனபோது கடை வாசலிலேயே காத்திருந்து என்னைக் கொல்லைக்கு அழைத்துப் போனார். கிணற்றை ஒட்டிய நல்ல ஒரு காணியில் வரிசையாகக் குழி வெட்டி, எருப்போட்டு, கூடூரிலிருந்து தானே போய் வாங்கிவந்த எலுமிச்சைக் கன்றுகளை நட்டிருந்தார். ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு குச்சி, குச்சியைச் சுற்றி ஆடு வாய் வைக்காமலிருக்க முள். அந்தக் காணியில்தான் வருஷா வருஷம் மல்லாட்டை போட்டுக் குடும்பம் சாப்பிட்டது. இனி நாலு வருஷத்துக்கு அங்கிருந்து ஒரு காசு வராது. மீதி ஒரு காணி மானாவாரியை வைத்துக்கொண்டு ஒப்பேற்ற வேண்டும். அதன் பிறகு வருகிற பழத்தில் தங்கையைக் கட்டிக் கொடுக்க வேண்டும்.

வரப்பில் உட்கார வைத்து வேகவைத்த மல்லாட்டை கொடுத்தார்கள். ராஜாத்தி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, இவர்தான் அந்தக் கம்பெனிக்காரரா என்று அண்ணனைக் கேட்டாள். அப்போது சொல்லியிருக்கலாம். கன்று இன்னும் வேர்கூடப் பிடிக்கவில்லை, பிடுங்கிப் போட்டுவிட்டு அந்தப் பட்டத்துக்கே மல்லாட்டை விதைத்திருக்கலாம். சொல்ல வாயெடுத்தேன் என்றுகூடப் பொய் சொல்ல மாட்டேன். வாயெடுக்கவில்லை. மல்லாட்டையை உரித்து உரித்துத் தின்றேன். கன்றெல்லாம் நல்ல ரகம் என்று வேறு சொன்னேன். ஏழுமலை கேட்டுக்கொண்டே நடந்து வந்து பஸ் ஏற்றிவிட்டுச் சொன்னார்: "இந்த ஒரு காணிதாங்கண்ணா எங்க ராஜாத்தி கல்யாணம். நீங்க சொன்னீங்களேன்னுதான் தைரியமா எறங்கிட்டேன்."

கன்னியப்பன் சொன்னது

கம்பெனியில் கலர் கலக்குகிறவர் கன்னியப்பன் என்று சொன்னேன் அல்லவா. பாட்டில் வெடித்து இடது கண்ணோரம் தழும்பு உண்டு. சிரித்தால் அந்தத் தழும்பும் சேர்ந்து சிரிக்கும். நான் ஏழுமலை விஷயத்தைச் சொன்னபோது முதலில் அப்படித்தான் சிரித்தார். எலுமிச்சை எசென்ஸ் டின்னை எடுத்து என் மூக்குக்கு நேரே நீட்டி, இது ஒரு டின் இருந்தால் அவர் காணி பத்து வருஷம் காய்க்கிற காய்க்குச் சமம் என்றார்.

முதலாளியிடம் ஜாடையாகக் கேட்டுப் பார்த்தேன். கொஞ்சம் நிஜப் பழம் சேர்த்தால் என்ன என்றேன். பழம் போட்டால் புளிக்கும், புளித்தால் பாட்டில் வெடிக்கும், உனக்கு ஏன் இந்த வேலை என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், தொழில் தெரிந்தவர். எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த கன்னியப்பன் அவர் போனதும் என் பக்கம் வந்தார். இந்த முறை சிரிக்கவில்லை. "நான் ஊத்தற கலரு நாலு நாள் வெயில்ல வெச்சா வெளுத்துப்புடும். நீ ஊத்தினது அந்த ஆளு கொல்லையில வேர் வுட்டுக்கினு இருக்குது. போய்ச் சொல்லித் தொலைப்பா."

மண்டி வாசல்

போய்ச் சொல்லவில்லை. வருஷத்துக்கு ஆறு முறை வல்லத்துக்குப் போனேன். ஒவ்வொரு முறையும் அடுத்த முறை சொல்லிக்கொள்ளலாம் என்று திரும்பி வந்தேன். கன்று முழங்கால் உயரம் வந்தது, இடுப்பு உயரம் வந்தது. ஒரு வருஷம் மழை பொய்த்தபோது அவரும் அம்மாவும் ராஜாத்தியும் குடத்தில் சுமந்து ஒவ்வொரு கன்றுக்கும் ஊற்றினார்கள் என்று கடைக்காரர் சொன்னார். கன்று பட்டுப்போகட்டும் என்று அன்றைக்கு மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். இதை எழுதுகிறபோது கை கூசுகிறது. ஆனாலும் வேண்டிக்கொண்டேன். படவில்லை, பூத்தது.

நாலாம் வருஷம் கோடையில் இரண்டு மூட்டை பழம் பஸ் கூரையில் வந்து விழுப்புரத்தில் இறங்கியது. கூடவே ஏழுமலை. கம்பெனிக்குப் போகலாமா என்றார். கலர் செய்கிற முறை ரகசியம், வெளியாளை உள்ளே விட மாட்டார்கள் என்று சொல்லி, அவரைப் பஸ் ஸ்டாண்டிலேயே சாப்பிட உட்கார வைத்துவிட்டு, மூட்டைகளைக் கைவண்டியில் ஏற்றி நேரே மண்டிக்குத் தள்ளிக்கொண்டு போனேன். கோடை, நல்ல விலை. அதைக் கம்பெனி கொடுத்த பணமென்று கொண்டுவந்து கொடுத்தேன். அவர் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மழைக்காலத்தில் எலுமிச்சை சீப்பட்டுக் கிடக்கும், கேட்பாரில்லை. அப்போதெல்லாம் கம்பெனியில் ஸ்டாக் நிறைய இருக்கிறது என்று சொல்லிச் சமாளித்தேன். மரத்தடியில் குவித்து அழுக விட்டார், ஆனாலும் என்னைச் சந்தேகப்படவில்லை. சந்தேகப்பட்டவர் ஒருவர்தான். முதல் தடவை மூட்டையைப் பிரித்த மண்டிக்காரர் பழத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "நீ கலர்காரன்தானே? கலருக்கு எதுக்குப்பா பழம்?"

அசல் பழம் போட்ட பாட்டில்

அந்தக் கேள்வி இரண்டு நாள் தூங்க விடவில்லை. சொன்ன பொய்யை ஒரு முறையாவது நிஜமாக்கிவிடலாம் என்று பைத்தியக்காரத்தனமாக ஒன்று தோன்றியது. அடுத்த மூட்டையிலிருந்து ஒரு கூடை பழத்தை நிறுத்திக்கொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, முதலாளி இல்லாத நேரம் பார்த்து, கன்னியப்பனைக் கெஞ்சி ஒரே ஒரு பெட்டி நிஜமான எலுமிச்சைக் கலர் போட வைத்தேன். பழத்தைப் பிழிந்தோம், வேட்டித் துணியில் வடிகட்டினோம், நல்ல சர்க்கரை சேர்த்தோம், சாயப்பொடியைத் தொடவில்லை. கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது அரிசி கழுவின தண்ணீர் மாதிரி இருந்தது. ருசி பிரமாதம் என்று நான் சொன்னேன்.

பெட்டி திண்டிவனத்துக்குப் பட்டம்மாள் கடைக்குப் போனது. அங்கே தினமும் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது ஒரு லெமன் கலர் குடிக்கிற வாத்தியார் ஒருவர் உண்டு. மூன்று நாள் கழித்து நான் போனபோது அவரும் இருந்தார். என்னைப் பார்த்ததும், பாதி குடித்துவிட்டு வைத்திருந்த பாட்டிலை என் கையில் திணித்தார். அடியில் தூசி மாதிரி ஏதோ தங்கியிருந்தது. பட்டம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். வாத்தியாருக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம் வந்தது. "நாலு வருஷமா உங்க லெமன் குடிக்கிறேன். பழம் போட்ட கலர் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? இதுல பழமே இல்லையேப்பா!"

ராஜாத்தி கல்யாணம்

அடுத்த வருஷம் வைகாசியில் ராஜாத்திக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு திண்டிவனத்துக்குப் பக்கத்துக் கிராமம், நல்ல விவசாயக் குடும்பம். கல்யாணத்துக்கு லெமன் கலர் மட்டும்தான் வேண்டும், வேறு எந்தக் கலரும் வேண்டாம் என்று ஏழுமலை சொல்லி அனுப்பினார். பத்துப் பெட்டி கொண்டுபோய் இறக்கினேன். பெரிய அண்டாவில் தண்ணீர் நிரப்பி, பாட்டில்களை அதில் போட்டு, மேலே ஈரச் சாக்கைப் போர்த்தி, கட்டைத் திறப்பானோடு நானே நின்றுகொண்டேன். கூலியாள் நிற்க வேண்டிய இடம். ஏழுமலை, அண்ணா நீங்க வந்து பந்தல்ல குந்துங்க என்று இரண்டு முறை கூப்பிட்டார். போகவில்லை. அந்தப் பந்தலில் உட்காரும் தைரியம் எனக்கு இல்லை.

நான் உடைத்துக் கொடுக்கக் கொடுக்க, ஏழுமலை இரண்டு கையிலும் பாட்டிலை எடுத்துக்கொண்டு வரிசை வரிசையாகப் போனார். ஒவ்வொருவரிடமும் குனிந்து, இது நம்ம கொல்லைப் பழம் என்று சொல்லிக் கொடுத்தார். வாங்கினவர்கள் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்கள், சப்புக்கொட்டினார்கள், பக்கத்திலிருப்பவரிடம் சொன்னார்கள். அவருடைய அம்மா ஒரு பாட்டிலைக் கொண்டுபோய்ச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு வந்தார். இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நான் கோலியை அழுத்திக்கொண்டே இருந்தேன். டப், டப் என்ற சத்தம் ஒவ்வொன்றும் என் கன்னத்தில் விழுந்தது.

மாப்பிள்ளையின் அப்பா இரண்டு பாட்டில் குடித்தார். மூன்றாவதை வாங்க அவரே அண்டா பக்கம் வந்தார். அதே டின் எசென்ஸ், அதே சாயப்பொடி, திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் அவர் எத்தனையோ தடவை குடித்த அதே கலர். குடித்து முடித்து மீசையைத் துடைத்துக்கொண்டு பந்தலைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: "கடையில விக்கிற கலருக்கு இந்த ருசி ஏது? சொந்தப் பழம்னா சொந்தப் பழந்தான். வர்ற ஆடிக்கு நானும் ரெண்டு காணி எலுமிச்சை போட்டுட்றேன், ஏழுமலை!"

சக்கை

ஆடி பிறந்து நாலைந்து நாள் இருக்கும். கம்பெனியில் காலி பாட்டில் பெட்டிகளுக்குப் பின்னால் உட்கார்ந்து ஆர்டர் எழுதிக்கொண்டிருந்தேன். வாசலில் ஏழுமலை குரல் கேட்டது. தோளில் நாலு காலி கோணிப்பை, கையில் ஒரு துணிப்பை. துணிப்பையில் பொறுக்கி எடுத்த எலுமிச்சம்பழம். என்னிடம் சொல்லாமல் வந்திருந்தார். முதலாளியைப் பார்த்துக் கும்பிட்டுப் பழத்தை நீட்டினார். முதலாளி, ஆயுதபூஜைக்கு இன்னும் நாளிருக்கேப்பா, இப்பவே எதுக்கு எலுமிச்சம்பழம் என்று கேட்டார். ஏழுமலை சிரித்தார், அவர் தமாஷ் பண்ணுவதாக நினைத்து. பிறகு வந்த காரியத்தைச் சொன்னார். இவ்வளவு பழம் பிழிகிறீர்களே, அந்தச் சக்கையெல்லாம் வீணாகத்தானே போகும், கொடுத்தால் எருக்குழியில் போட்டுக்கொள்வேன் என்றார். முதலாளி, எந்தச் சக்கை என்றார்.

ஏழுமலை உள்ளே எட்டிப் பார்த்தார். விவசாயி கண், ஒரு தடவை பார்த்தால் போதும். ஒரு தோல் இல்லை, ஒரு கொட்டை இல்லை, பழம் பிழிகிற இடத்தில் மொய்க்க வேண்டிய ஓர் ஈகூட இல்லை. கன்னியப்பன் கையில் டின்னோடு நின்றார். அதை மறைக்க அவருக்குத் தோன்றவில்லை, மறைத்துப் பிரயோஜனமும் இல்லை. நான் பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தேன். வந்திருக்காவிட்டால் முதலாளியே எல்லாவற்றையும் சொல்லியிருப்பார். ஓடியும் போகலாம் என்று ஒரு கணம் நினைத்ததையும் சொல்லிவிடுகிறேன். ஏழுமலை என்னைப் பார்த்து, அப்ப என் பழமெல்லாம் எங்கண்ணா போச்சி என்று மெதுவாகக் கேட்டார். மண்டிக்கு என்றேன். கல்யாணத்தில் எங்க ஜனங்க குடிச்சது என்றார். டின்னைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கோணிப்பைகளைத் தோளிலிருந்து எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக மடித்தார். மடித்து முடித்துவிட்டு, கேலியே இல்லாமல், நிஜமாகவே வழி கேட்கிறவர்போல என்னிடம் கேட்டார்: "ராஜாத்தி மாமனாரு இந்த ஆடிக்கு மல்லாட்டை வெதைக்காம ரெண்டு காணியும் குழி வெட்டிட்டாரு. கன்னு வாங்க நாளைக்குக் கூடூர் கெளம்பறாரு. அவருகிட்ட நான் இன்னான்னு சொல்றது? நீங்க நல்லாப் பேசுவீங்களே, ஒரு வார்த்தை சொல்லிக் குடுங்கண்ணா."

பிறகு

நான் வந்து சொல்கிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். அவர் பழத்தை அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். அடுத்த வாரமே முதலாளியைக் கேட்டு வல்லம் பக்கத்தை விட்டுக் கள்ளக்குறிச்சிப் பக்கம் மாறிக்கொண்டேன். நடந்ததை ஒரு வருஷம் கழித்து, திண்டிவனம் வழியாகப் போனபோது, பட்டம்மாள்தான் சொன்னார். ஏழுமலை அன்றைக்கே சம்பந்தி வீட்டுக்குப் போய், நான்தான் சரியாக விசாரிக்காமல் பேசிவிட்டேன் என்று பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டாராம். என் பேரை எடுக்கவில்லையாம். குழிகளை மூடினார்கள், ஆனால் ஊர் சிரித்துவிட்டது. அந்தக் கோபத்தில் தலைதீபாவளிக்கு ராஜாத்தியைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பவில்லை. ஏழுமலையின் அம்மா வாங்கி வைத்த புதுப்புடவை அந்த வருஷம் முழுக்கப் பெட்டியிலேயே இருந்ததாம்.

இன்றைக்கும் எந்த வீட்டுக்குப் போனாலும் கலர் வேண்டாம், தண்ணீர் போதும் என்கிறேன், சர்க்கரை வியாதியா என்று கேட்கிறார்கள், ஆமாம் என்று சொல்லிவிடுகிறேன்.